ஷோக்கு: சொல்லும் பொருளும்

மடிப்புக் கலையாத வேட்டி, சில்க் ஜிப்பா, காது மடலில் அத்தர் நனைத்த பஞ்சு. இப்படி ஒருவர் தெருவில் இறங்கினால் 'ஷோக்குப் பேர்வழி' என்பார்கள். அது பாராட்டா, குத்தலா என்பது சொல்கிறவரின் குரலில் இருக்கிறது. சென்னைப் பேச்சில் இது 'சோக்கு' ஆகி, ஆளுக்கு மட்டுமல்லாமல் பிரியாணிக்கும் பொருந்துகிறது.

ஆங்கிலத்தின் 'ஷோ'விலிருந்து வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, 'க்கு' எப்படி ஒட்டியது என்பதற்கு அதில் விடையே இல்லை. மூலம் அரபு மொழியின் 'ஷவ்க்'. ஏக்கம், வேட்கை என்று பொருள். பாரசீகம் வழியாக உருதுவுக்கு வந்தபோது 'ஷௌக்' ஆகி, விருப்பம், நாட்டம் என்று இளகியது. ஒருவருக்குப் புறா வளர்ப்பதில் 'ஷௌக்' என்று இன்றும் இந்தியில் சொல்கிறார்கள். தமிழ் வாயில் ஔகாரம் ஓகாரமாயிற்று. ஈற்று மெய் இரட்டித்து உகரம் ஏற்றது. பாரசீக 'நாஸுக்' நமக்கு 'நாசூக்கு' ஆனதும் இதே வழியில்தான்.

ஆற்காட்டு நவாபுகளின் அரசவையில் பாரசீகம் வழங்கிய காலத்தையும், உருது பேசுவோர் நம் ஊர்களில் கலந்து வாழ்வதையும் நினைத்தால் இத்தகைய சொற்கள் இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. பொருள் மாறிய விதம்தான் அழகு. மனத்திலுள்ள ஆசைக்கு வைத்த பெயர், ஆசைப்பட்டு உடுத்திய கோலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. தெலுங்கில் 'சோகு', கன்னடத்தில் 'ஷோகி' என்று அண்டை மொழிகளிலும் ஏறத்தாழ இதே பொருள்தான்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'அழகு' என்று பொதுவாக எழுதிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. ஷோக்கில் அழகோடு முயற்சியும் இருக்கிறது. கண்ணாடி முன் நின்ற நேரம் அதில் தெரிகிறது. உடையைப் பாராட்டினால் 'நேர்த்தி' சரியாக வரும். நடையையும் அசைவையும் சொல்வதற்கு 'ஒயில்' இருக்கிறது. ஒயிலாட்டத்தில் உயிரோடிருக்கும் இச்சொல்லை உரைநடையில் நாம் கைவிட்டது பெரிய இழப்பு. ஆணின் தோரணைக்கு 'மிடுக்கு'. வலிமையைக் குறித்த சொல் அது. பாரசீகத்தில் வலிமையைக் குறித்த 'ஜோர்' இங்கே சிறப்பைக் குறிப்பதும் அதே போக்கு. குத்தலாகச் சொல்லும்போது மட்டும் 'பகட்டு' என்று எழுதலாம். 'ஷோக்குப் பேர்வழி'க்குப் 'பகட்டுக்காரர்' பொருந்தும். 'ஷோக்காக உடுத்தியிருந்தாள்' என்பதற்கு 'நேர்த்தியாக உடுத்தியிருந்தாள்' என்பதே முறை.