மரப்பிடிக்குச் சூடு எங்கிருந்து வருகிறது?

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவரிடம் இரண்டு பெரிய மடக்குக் கத்திகள் இருக்கின்றனவாம். ஒன்று போன வருடம் ஆசைப்பட்டு வாங்கியது, அலகு முதல் பிடி வரை பளபளவென்று எவர்சில்வர். இன்னொன்று அப்பா காலத்தது, கறுத்துப்போன மரப்பிடி. இரண்டும் ராத்திரி முழுக்க ஒரே வராந்தா அலமாரியில்தான் கிடக்கின்றன. மார்கழிக் காலையில் கோஸ் அறுக்கக் கிளம்பும்போது புதுக் கத்தியைத் தொட்டால் விரல் சுரீரென்கிறது, பழையது சாதுவாகக் கைக்குள் அடங்குகிறது. “மரத்துக்குள்ள சூடு இருக்கு, அது உயிரோட இருந்த பொருள்னு எங்க பாட்டி சொல்லும். நெசமா சார்? புதுசு பார்க்க எடுப்பா இருக்கு, ஆனா கை பழசைத்தான் தேடுது.”

முதல் பாதிக்குப் பதில் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஒரே இடத்தில் ராத்திரி முழுக்கக் கிடந்த இரண்டு பொருள்களும் ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்கும். வராந்தா ஐந்து டிகிரி என்றால் இரண்டு கத்தியும் ஐந்து டிகிரி. நம்பிக்கை வராவிட்டால், கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி வெப்பமானி எந்த வீட்டு இழுப்பறையிலாவது கிடக்கும், எடுத்துப் பாருங்கள். ஆனால் அதில் இரண்டு சிக்கல் உண்டு. உடம்புக்கான அமைப்பில் வைத்தால் வெறும் ‘லோ’ என்று காட்டும், பொருள்களுக்கான அமைப்புக்கு மாற்ற வேண்டும். அப்புறம், பளபளப்பான உலோகம் அகச்சிவப்புக் கதிருக்குக் கண்ணாடி மாதிரி. கருவி கத்தியை அளக்காமல் கத்தியில் தெரியும் உங்கள் முகத்தை அளந்துவிடும். இரண்டு பிடியிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அது குளிரும் வரை பொறுத்து, டேப்பை அளக்க வேண்டும். நான் பார்த்தபோது இரண்டுக்கும் அரை டிகிரி வித்தியாசம்கூட இல்லை.

அப்படியானால் கை பொய் சொல்கிறதா? இல்லை. நாம்தான் அதை வெப்பமானி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அளப்பது தன் தோலின் வெப்பநிலையை. தொட்ட கணத்தில் அந்தத் தோலுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெரும்பாலான விளக்கங்கள் ‘உலோகம் நற்கடத்தி, மரம் அரிதிற்கடத்தி’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும். அது பாதிக் கதை. காலை எட்டரை மணிக்குக் குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் ஏற முடியும் என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஏறியவர்கள் படியிலேயே நிற்காமல் எவ்வளவு வேகமாக உள்ளே நகர்கிறார்கள் என்பது ஒன்று. உள்ளே ஒவ்வொரு வரிசையிலும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது இன்னொன்று. நடத்துநர் ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று தொண்டை கிழியக் கத்துவது முதல் விஷயத்துக்காக. அதுதான் வெப்பக் கடத்துதிறன். இரண்டாவது, ஒரு கன சென்டிமீட்டர் பொருள் ஒரு டிகிரி சூடாவதற்குள் எவ்வளவு வெப்பத்தை விழுங்கும் என்பது. அடர்த்தியையும் தன்வெப்ப ஏற்புத்திறனையும் பெருக்கினால் அது கிடைக்கும்.

மரப்பிடியில் வெப்பம் படிக்கட்டிலேயே நின்றுவிடுகிறது. விரலிலிருந்து இறங்கிய வெப்பம் மேல் அடுக்கைத் தாண்டி உள்ளே போகாது, அந்த அடுக்கில் இடமும் கொஞ்சம்தான். சட்டென்று அது விரலின் சூட்டை நெருங்கிவிடும். படி நிறைந்த பேருந்தில் அடுத்த ஆள் ஏற முடியாது, அவ்வளவுதான். உலோகத்தில் ஏறின வெப்பம் ஏறினபடியே உள்ளே போய்க்கொண்டிருக்கும், படி காலியாகவே இருக்கும், விரல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்ல ஒரு வழி உண்டு. கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எஃப்யூசிவிட்டி என்பார்கள். நல்ல தமிழ்ச் சொல் கிடைக்கும் வரை நான் அதை ‘உறிஞ்சு எண்’ என்று வைத்துக்கொள்கிறேன். சுமாராகச் சொன்னால் நம் தோலுக்கு 1,200. கெட்டி மரத்துக்கு 500-க்குப் பக்கம். எவர்சில்வருக்கு 7,700. கத்திப் பிடிக்குப் போடும் அலுமினியக் கலவைக்கு 20,000.

இரண்டு பொருள் ஒட்டியதும், ஒட்டிய இடத்தில் ஒரே ஒரு வெப்பநிலைதான் இருக்க முடியும். அது எது என்று இந்த எண்களே சொல்லிவிடும். யாருடைய எண் பெரிதோ அவர் பக்கம் சாய்ந்த சராசரி அது. விரல் நுனி 32 டிகிரி, கத்தி 5 டிகிரி என்று வைப்போம். எவர்சில்வர் பிடியைத் தொட்டதும் தோலின் மேற்பரப்பு ஒன்பது டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அலுமினியம் என்றால் ஆறரை. மரப்பிடி என்றால் இருபத்து நாலிலேயே நின்றுவிடும்! ஒரே வெப்பநிலையில் இருந்த இரண்டு பொருள்கள், தோலுக்குள் பதினைந்து டிகிரி வித்தியாசம். வாசகரின் விரல் பொய் சொல்லவே இல்லை. அதற்குத் தெரிந்ததை அது சரியாகத்தான் சொன்னது.

நாம் எழுதியது இரண்டும் தடித்த பொருள் என்று வைத்துப் போட்ட கணக்கு. நிஜத்தில் பிடி மெல்லியது என்பதால் சில நிமிடம் கைக்குள்ளேயே இருந்தால் எவர்சில்வரும் சூடேறிவிடும். ஆனால் ஒரு பொருள் பிடிக்கிறதா இல்லையா என்பதைக் கை முதல் ஒரு நொடியிலேயே முடிவு செய்துவிடுகிறது. கடைக்காரர் கத்தியை எடுத்து நீட்டும் அந்த ஒரு நொடி.

இதையே தலைகீழாகவும் பார்க்கலாம். ஃப்ரிட்ஜிலிருந்து ஒரே அளவு ஐஸ் கட்டி இரண்டு எடுத்து, ஒன்றை அடுப்பில் ஏற்றாத இரும்பு தோசைக்கல்லிலும் மற்றதைச் சப்பாத்திப் பலகையிலும் வையுங்கள். தொட்டால் ஜில்லென்று இருக்கிற தோசைக்கல்லில்தான் ஐஸ் மளமளவென்று கரையும். ‘சூடான’ பலகையில் அது சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். ஐஸுக்கு வெப்பத்தைக் கொடுப்பதிலும் தோசைக்கல்தான் கைகாரன். சித்திரையில் கீழே போனவர்களுக்கும் இது தெரியும். மேட்டுப்பாளையத்தில் வெயிலில் நிறுத்திய ஜீப்புக்குள் இந்த இரண்டு கத்தியையும் விட்டுப் பாருங்கள். இப்போது சுடுவது எவர்சில்வர், மரம் அப்போதும் சாதுதான்.

சரி, தோல் ஒன்பது டிகிரிக்கு இறங்கியது மூளைக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நீலகிரிக்காரர்களுக்கு இதில் தனிப் பாத்தியதையும் உண்டு. தோலுக்குள் வரும் நரம்பு முனைகளில் டி.ஆர்.பி.எம்.8 என்று ஒரு புரதம் இருக்கிறது. அது ஒரு கதவு. சுற்றுப்புறம் ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே இறங்கினால் திறந்துகொள்ளும். திறந்தால் கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், நரம்பு துடிக்கும், ‘குளிர்’ என்ற சேதி போகும். நம் கணக்கோடு இதை ஒட்டிப் பாருங்கள். மரப்பிடி தோலைக் கொண்டுபோய் நிறுத்துகிற இருபத்து நாலு டிகிரி அந்தக் கதவின் வாசற்படி. எவர்சில்வரோ கதவை ஆவென்று திறந்துவிடுகிறது.

அதே கதவை வெப்பநிலை துளியும் மாறாமல் ஒரு வேதிப்பொருளாலும் திறக்கலாம். புதினாவில் இருக்கும் மெந்தால் அப்படிப்பட்டது. நம் கற்பூர மரத்து, அதாவது யூகலிப்டஸ், இலையைக் காய்ச்சி எடுக்கிற தைலத்தில் பெரும்பகுதியாக இருக்கும் சினியோலும் அப்படிப்பட்டதுதான். தலைவலிக்கு நெற்றியில் தைலம் தடவினால் ஜில்லென்கிறதே, முக்கியமாக அது இந்தக் கதவின் வேலை. கதவு திறந்ததும் நரம்பு குளிர் என்று கத்துகிறது, மூளை நம்புகிறது. ஊட்டிச் சந்தை ஓரத்தில் விற்கிற தைலப் புட்டியும் வராந்தாவில் குளிர்ந்துபோன கத்திப் பிடியும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன என்று முதலில் தெரிந்தபோது அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

2002-இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரின் ஆய்வகங்களும் தனித்தனியாக இந்தப் புரதத்தை மெந்தாலை வைத்துக் கண்டுபிடித்தன. ஜூலியஸின் குழு அதற்கு முன்பே, 1997-இல், மிளகாய்க் காரத்தை உணரும் புரதத்தைக் கண்டுபிடித்திருந்தது. வெப்பமும் தொடுகையும் எப்படி உணரப்படுகின்றன என்ற இந்த வேலைகளுக்காக 2021-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. மிளகாய் ஏன் எரிகிறது, புதினா ஏன் குளிர்கிறது என்று ஆராயப் பணம் வேண்டும் என்று இங்கே ஒருவர் விண்ணப்பம் போட்டால் என்ன ஆகும்? ‘இதனால் சமுதாயத்துக்கு உடனடிப் பயன் யாது’ என்ற கட்டத்தில் அவர் எதை எழுதுவார்? உலகத்துக்கே மிளகாயும் தைலமும் விற்கிற நாடு இது. அந்தக் கேள்விக்கான பணத்தை மட்டும் யாரோ எங்கோ கொடுத்தார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைப்பதற்கில்லை.

பாட்டிக்கு வருவோம். மரத்துக்குள் சூடு இல்லை. ஆனால் ‘உயிரோடு இருந்த பொருள்’ என்று அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மரம் உயிரோடு நின்றபோது தண்ணீர் ஏற்றிய நுண்குழாய்கள் காய்ந்தபின் காலியாகிவிடுகின்றன, உள்ளே வெறும் காற்று. காற்று வெப்பத்தை ரொம்பக் கொஞ்சம்தான் கடத்தும், அதன் எடையும் சொற்பம். மரத்தின் உறிஞ்சு எண் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு அதுதான் முதல் காரணம். ராத்திரி வழியில் இரும்பு கையில் இருந்தால் பேய் அண்டாது என்பதையும் பாட்டி சொல்லியிருப்பார். அப்படியானால் மரப்பிடியைப் பிடித்திருப்பவர் பாடு என்ன, பேய் அலகைக் கணக்கில் எடுக்குமா பிடியையா என்று என் பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். வாங்கிய அடி நினைவிருக்கிறது.

மற்ற பிடிகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். விலை கூடிய கத்திகளில் வரும் டைட்டானியம் உலோகம்தான், ஆனால் அதன் உறிஞ்சு எண் நாலாயிரம்தான். அதனால் எவர்சில்வர் அளவுக்குக் கடிக்காது, எடையும் பாதிக்குப் பக்கம். ஜி10 என்பது கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸி என்ற பிசினில் ஊறவைத்து அழுத்திய பலகை, ரேடியோ, டிவி சர்க்யூட் பலகைக்குச் சொந்தக்காரன். அதற்கு எழுநூற்றுச் சொச்சம், தொட்டால் மரத்துக்கு அடுத்த இடம். மைகார்ட்டா துணியையோ காகிதத்தையோ ஃபீனாலிக் பிசினில் ஊறவைத்தது, நூறு வருடத்துக்கு மேல் பழைய சரக்கு. கடமான் கொம்புப் பிடிக்கு ஒரு காலத்தில் உலகமெங்கும் கிராக்கி இருந்தது, பிடிமானமும் அருமை. இங்கே 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. காட்டில் தானாக உதிர்ந்து கிடந்த கொம்பு என்றாலும் எடுத்து வீட்டில் வைக்கக்கூடாது. தயவுசெய்து ஆசைப்படாதீர்கள்.

மரத்தைப் புகழ்ந்துகொண்டே போகிறேனே, அது செய்த வேலையையும் சொல்ல வேண்டும். ஒரு ஆடி மாதம் கூடலூர்ப் பக்கம் மழையில் மாட்டிக்கொண்டேன். பையில் இருந்த மரப்பிடி மடக்குக் கத்தி மூன்று நாள் ஈரத்தில் ஊறிவிட்டது. நாலாம் நாள் கயிறு அறுக்கக் கத்தியை எடுத்தால் அலகு வெளியே வர மறுக்கிறது. நகத்தைக் கொடுத்து இழுத்ததில் பாதி நகம் போனதுதான் மிச்சம். மரத்தின் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரம் வளர்ந்த திசையில் நீளமாக ஓடுகின்றன. ஈரம் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதனால் மரம் நீளத்தில் ஏறக்குறைய வளர்வதே இல்லை, குறுக்கில்தான் உப்புகிறது. பிடியின் இரண்டு கன்னங்களும் எட்டு எட்டு மில்லிமீட்டர் இருந்தால், நல்ல ஈரத்தில் ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் வரை உப்பலாம். அலகு நுழையும் பள்ளத்தில் அவ்வளவு இடைவெளியை யார் விடுகிறார்கள்? ஆளி விதை எண்ணெய் இரண்டு மூன்று பூச்சு கொடுத்துக் காயவிட்டால் ஈரம் ஏறுவது மெதுவாகும். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது காயவே காயாது, பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

ஆக, வாசகரின் எவர்சில்வர் கத்தியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர்களில் சிலர் இரும்புப் பிடியின் மேல் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்து இழுத்துச் சுற்றியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ரப்பரின் உறிஞ்சு எண் ஐந்நூற்றுச் சொச்சம்தான், கிட்டத்தட்ட மரம். டியூபின் கனம் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். விரலின் சூடு அதைக் கடந்து உள்ளே இருக்கும் இரும்பைக் கண்டுபிடிக்கச் சுமார் பத்து நொடி ஆகும். அப்புறம் லேசாகக் குளிர் எட்டிப் பார்க்கும். வெப்பம் பரவ ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், இரண்டாவது சுற்று போட்டால் இருபது நொடி இல்லை, நாற்பது. அந்த நாற்பது நொடிக்குள் வெட்டுகிற கை தானாகவே சூடேறியிருக்கும். ஏன் இரண்டு சுற்று என்று ஒருவரிடம் கேட்டேன். “ஒரு சுத்து பத்தாதுங்க, ரெண்டு சுத்தினா போதும், மூணு சுத்தினா பிடி தடிச்சிரும்” என்றார், அதற்குள் அடுத்த செடிக்குப் போய்விட்டார்.