மூன்றாம் நாள் சுவரில் முட்டும் கன்று

கன்று நல்ல எடையோடு பிறக்கிறது, எழுந்து நின்று சீம்பால் குடிக்கிறது. மறுநாள் கொஞ்சம் சோர்வு. மூன்றாம் நாள் திக்குத் தெரியாமல் சுற்றும். கண் தெரியாததுபோல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் வலிப்பு. ஒரு வாரம் தாண்டாது. எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) மாட்டினத்தில் வரும் சிட்ருலினீமியா என்ற பரம்பரை நோயின் போக்கு இது.

புரதம் சிதையும்போது வரும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி வெளியேற்ற வேண்டும். அதற்கான நொதிகளில் ஒன்று இந்தக் கன்றுகளுக்கு வேலை செய்வதில்லை. வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடல் சமாளித்துக்கொள்ளும். பிறந்தபின் அம்மோனியா ஏறி மூளையைத் தாக்கும். கொட்டகையில் வைத்துக் காப்பாற்ற மருந்தில்லை.

சரி, இப்படிச் சாகிற கன்றெல்லாம் இந்த நோயா என்றால், இல்லை. நான் பார்ப்பதில் பெரும்பாலும் தொப்புள் வழி ஏறிய கிருமி, அல்லது நேரத்துக்குச் சீம்பால் கொடுக்காதது. ஒரே காளையின் சினை ஊசியில் (செயற்கைக் கருவூட்டலில்) பிறந்த இன்னொரு கன்றும் இதேபோல் போனால்தான் மரபணுவைச் சந்தேகிப்பேன். “எந்தக் காளைங்க?” என்று கேட்டால், “எச்.எஃப். ஊசிதான் டாக்டர்” என்பார்கள். அதை வைத்து என்ன செய்வது?

ஆஸ்திரேலியாவில் 1980களில் இந்த நோய் வெளிப்பட்டபோது, வம்சாவளியைப் பின்தொடர்ந்து லின்மாக் கிரிஸ் கிங் என்ற அமெரிக்கக் காளையில் போய் நின்றார்கள். அந்தக் காளைக்கு ஒரு குறையும் தெரியாது. பழுதான மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால் மாடு நன்றாகவே இருக்கும், ஆனால் பிறக்கும் கன்றுகளில் பாதிக்கு அதைக் கடத்திவிடும். தாய், தகப்பன் இரண்டும் அப்படி அமைந்தால் நாலில் ஒரு கன்று நோயோடு பிறக்கும். அப்படிப்பட்ட காளையின் ஊசியையே அதன் மகளுக்கும் போட்டால், எட்டில் ஒரு கன்று போக வாய்ப்புண்டு. கையிலிருக்கும் ஊசியைக் கேட்காமல் போட்டுக்கொள்ளும் ஊர்களில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது.

பழுது எங்கே என்பது 1989-இலேயே தெரிந்துவிட்டது: மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. காளையின் ரத்தம் கொஞ்சம் போதும். அந்த மரபணுத் துண்டைப் பெருக்கி, அவா-2 என்ற நொதியால் வெட்டிப் பார்ப்பார்கள். நல்ல பிரதி இரண்டாக வெட்டுப்படும், பழுதானது வெட்டுப்படாது. துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் இரண்டு கோடு வந்தால் நல்லது. மூன்று கோடு வந்தால் அந்தக் காளையை விந்து எடுக்கச் சேர்க்கக் கூடாது. நம் நாட்டு உறைவிந்து நிலையங்களுக்கான நெறிமுறையில் எச்.எஃப். காளைகளுக்குச் சிட்ருலினீமியாவோடு, பிளாட், டம்ப்ஸ், காரணி-11 குறைபாடு என்ற மற்றப் பரம்பரை நோய்களுக்கான சோதனையும் கட்டாயம். ஆகவே விவசாயி தன் பசுவைச் சோதிக்க அலைய வேண்டாம். ஆனால் எங்கிருந்தோ மலிவாக வரும் விவரமில்லாத ஊசிக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.

உறைவிந்துக் குச்சியிலேயே காளை எண் அச்சாகியிருக்கும். ஊசி போட்டதும் அந்தக் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி, எண்ணைப் பசுவின் அட்டையில் எழுதுங்கள். கன்று சந்தேகமாகச் செத்தால், புதைக்கும் முன் எங்களைக் கூப்பிடுங்கள். காது நுனியில் சின்னத் துண்டு எடுத்து ஐஸில் அனுப்பினால் சோதனைக்குப் போதும்.