தாத்தா பேனாவ பென் ஷோவுக்கு கொண்டு வர்றதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு கழுவாதீங்க

பழைய பேனா ரிப்பேர் பண்றது என் வேல. போன மாசம் சென்னையில நடந்த பேனா ஷோவுக்கு, பேனா பிரியருங்க கூடி வாங்கி விக்கிற கண்காட்சிதான் அது, பாண்டியிலேருந்து விடியக்காலை பஸ் புடிச்சு போயிருந்தேன். லூப்புங்கிற பூதக்கண்ணாடி, பேனாவுக்குள்ள இங்க் நிக்கிற புது ரப்பர் சாக்கு (சின்ன பை), ஒட்டுறதுக்கு ஷெல்லாக் பாட்டில்னு என் சாமான எல்லாம் மேஜைல பரப்பி உக்காந்து ஒரு மணி நேரம்கூட ஆகல, மஞ்சக்குப்பத்துலேருந்து ஒரு தம்பி வந்து கைக்குட்டைய பிரிச்சு ஒரு பேனாவ வச்சாரு. பாத்ததும் வயிறு எரிஞ்சு போச்சு.

வாட்டர்மேன் கம்பெனியோட 52-ங்கிற மாடல். பக்கவாட்டுல லிவர் இருக்கும், அத தூக்கி இங்க் உறிஞ்சுற பேனா, 1934 வாக்குல வரைக்கும் வந்துச்சு. எபனைட்டுங்கிற கெட்டி ரப்பர்ல செஞ்ச பாடி, கன்னங்கரேல்னு, மேல அலை அலையா மெல்லிசா கோடு வெட்டிருக்கும். இவரோடது காய்ஞ்ச பாசி கலர்ல இருந்துச்சு. ஒரு பக்கம் கோடே இல்ல, வழவழன்னு. லிவர் வளைஞ்சு வெளிய நிக்குது.

"என்ன தம்பி பண்ணீங்க?"

"தாத்தா பேனாண்ணா. தென்னாற்காடு ஜில்லா கலெக்டர் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தாரு. ஷோவுக்கு கொண்டாறோமே, பளிச்சுன்னு இருக்கட்டும்னு நேத்து ராத்திரி வெந்நீர்ல பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு ஊற வச்சேன். காலைல பாத்தா கலர் மாறிருந்துச்சு. பயந்து போய் பித்தளை தேய்க்கிற பாலிஷ் போட்டு தேய்ச்சேண்ணா."

லிவர் எப்படி வளைஞ்சுதுன்னு கேக்கவே வேணாம். உள்ள கழுவணும்னு தூக்கிருக்காரு. எழுபது எம்பது வருஷத்துக்கு முந்தின சாக்கு உள்ள காய்ஞ்சு அப்பளம் மாதிரி கெட்டியா இருக்கும்போது லிவர் எங்க போகும்? அழுத்துனா ஒண்ணு சாக்கு நொறுங்கும், இல்ல லிவர் வளையும், இவருக்கு ரெண்டும் நடந்துருக்கு.

அந்த தம்பிய திட்ட எனக்கு மனசு வரல. தாத்தா மேல பாசம் இல்லாதவன் ராத்திரி பூரா முழிச்சிருந்து இத செய்யமாட்டான். ஆனா இந்த வருஷத்துல மட்டும் இப்படி வந்த ஏழாவது பேனா இது, அதான் எழுதுறேன்.

நம்மாளுங்க மனசுல ஒண்ணு ஆழமா பதிஞ்சிருக்கு. பழசுன்னா அழுக்கு, அழுக்குன்னா கழுவணும், கழுவி பளபளன்னு ஆக்குனா வெல கூடும். குத்துவிளக்குக்கு இது சரி. பேனாவுக்கு இது நேர் தலைகீழ். ஷோவுல பழைய பேனா வாங்குறவங்க முதல்ல பாக்குறது பளபளப்ப இல்ல, பாடில குத்தியிருக்குற கம்பெனி எழுத்து அழியாம இருக்கா, வெட்டுன கோடு கையில தட்டுப்படுதா, கலர் போகாம இருக்காங்கிறதத்தான். 52-ல இருக்குற அந்த எழுத்து முடி மாதிரி மெல்லிசு, பாலிஷ் போட்டு பத்து தேய் தேய்ச்சா மங்கிப் போயிரும். அமெரிக்காவுல செஞ்ச பழைய பார்க்கர்ல ஒரு சின்ன நம்பரும் பக்கத்துல புள்ளியும் இருக்கும், எந்த வருஷம், அந்த வருஷத்துல எந்த மூணு மாசத்துல செஞ்சதுன்னு சொல்ற ஜாதகம் அதுதான். பளபளப்புக்காக தேய்ச்சு அத அழிச்சிட்டு "இது எந்த வருஷத்துதுன்னு சொல்லுங்க"ன்னு என்கிட்டயே கொண்டாந்து நீட்டுறாங்க. நான் எங்க போய் பாப்பேன்?

அழுக்கு பேனாவ நான் சுத்தம் பண்ணிருவேன். தேய்ச்ச பேனாவுல போன கோட்ட என்னால திருப்பி கொண்டாற முடியாது, யாராலயும் முடியாது. நிறம் போன எபனைட்டுக்கு கருப்பு சாயம் ஏத்துறவங்க இருக்காங்க, நான் ஏத்துறதில்ல, ஏத்துனா விக்கும்போது வாங்குறவங்ககிட்ட சொல்லியே ஆகணும்.

எபனைட்டுங்கிறது ரப்பர்ல கந்தகம் கலந்து வேக வச்சது. அதுல வெந்நீர் பட்டா கலர் போகும், பச்சத்தண்ணியிலயும் ராத்திரி பூரா ஊறுனா போகும். வெயில் படுற கண்ணாடி அலமாரில வச்சாலும் போகும், கொஞ்ச நாள் ஆகும் அவ்வளவுதான்.

பேனா எதுல செஞ்சதுன்னு தெரியாம தண்ணி, சானிடைசர் எதையும் கிட்ட கொண்டு போகாதீங்க. என் கடையில யாராவது பழைய பேனா குடுத்தா நான் முதல்ல மோந்துதான் பாப்பேன், வர்றவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, பரவால்ல. பெருவிரலால நல்லா சூடு வர்ற மாதிரி தேய்ச்சிட்டு மோந்து பாருங்க. கந்தக வாடை வந்தா எபனைட். கற்பூர வாடை வந்தா செல்லுலாய்டு, அத நெருப்புகிட்ட காட்டாதீங்க, குபீர்னு புடிச்சுக்கும், ஆல்கஹால் பட்டா மேல்பக்கம் கரையும். கேசீன்னு இன்னொண்ணு இருக்கு, பால்ல இருக்குற புரோட்டீன்ல செஞ்சது, அத தண்ணில ஊற வச்சா ஊதி வெடிச்சிரும். பார்க்கர் 51 இது எதுவும் இல்ல, அது அக்ரிலிக். கொரோனாவுக்கு அப்புறம் எல்லார் பையிலயும் சானிடைசர் இருக்கு, அத போட்டு 51-அ தொடச்சா உள்ளுக்குள்ள முடி முடியா விரிசல் ஓடும். முன்னாடி கழுத்துல போட்டிருக்குற ஷெல்லாக்கும் கரைஞ்சு அப்புறம் பேனா கக்க ஆரம்பிக்கும்.

நிப்புல இங்க் காய்ஞ்சு கெடக்கேன்னு மனசு கேக்கலன்னா ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ஒரு சின்ன மூடில கேன் தண்ணி, சூடு பண்ணாம, நம்ம போர் தண்ணி வேணவே வேணாம், அதுல இருக்குற உப்பு நிப்புக்கு அடியில இங்க் கொண்டு வர்ற கட்டைல போய் உக்காந்துக்கும். நிப்பு மட்டும் நனையுற அளவுக்கு புடிச்சிட்டு டிஷ்யூல ஒத்தி எடுங்க, நாலஞ்சு தடவ. அதுக்கு மேல போகாதீங்க. நிப்பு நடுவுல பிளேடு விடாதீங்க! ஸ்கூல்ல நாம எல்லாரும் விட்டவங்கதான், அது அஞ்சு ரூபா நிப்பு. இது 14 காரட் தங்கம், பிளேடு விட்டா பொளந்துக்கும். தரையில வச்சு தேய்க்கவும் வேணாம், முனையில இருக்குற கெட்டி உலோகப் பொட்டு போச்சுன்னா நிப்பே போச்சு.

ஷோவுக்கு வாங்கப் போறவங்களுக்கும் கொஞ்சம் சொல்லணும். மேஜைல இருக்குற பேனாவ கேக்காம தொடாதீங்க. மூடிய கழட்டி பின்னாடி மாட்டாதீங்க, பழைய மூடிங்க அங்கதான் கீறல் விடும், வித்தவரு முகம் எப்படி மாறும்னு நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். நிப்ப அழுத்தி விரியுதான்னு பாக்குறது இப்ப ஒரு வியாதியாவே ஆயிருச்சு, எல்லா பழைய நிப்பும் விரியாது, விரியாதத அழுத்துனா மடங்கிரும். போன் டார்ச்ச மூடிக்குள்ள அடிச்சு விளிம்ப சுத்தி பாருங்க, கீறல் இருந்தா வெளிச்சத்துல தெரிஞ்சிரும். காதுகிட்ட வச்சு லேசா ஆட்டுங்க, உள்ள கடகடன்னா சாக்கு நொறுங்கிக் கெடக்கு, அதுக்கேத்த மாதிரி வெல பேசுங்க. ரிப்பேர் பண்ணதுன்னு சொன்னா சாக்கு எப்ப மாத்துனீங்கன்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க. வாங்கிட்டு வந்து அதுல படம் வரையுற வாட்டர்ப்ரூப் இங்க்கோ மினுமினு இங்க்கோ ஊத்தாதீங்க, சாதாரண நீல இங்க் போதும். கடற்கரை ஊர்ல இருக்கோம், உள்ள சாக்க அழுத்துற இரும்புப் பட்டை துருப்பிடிக்கும், அதனால எழுதாம போட்டு வைக்கிற பேனாவுல இங்க் நிறுத்தி வைக்காதீங்க.

அந்த தம்பி பேனாவுக்கு அங்கயே புது சாக்கு போட்டு லிவர நிமித்தி குடுத்தேன். எழுதுது, நல்லாவே எழுதுது, நிப்புல ஒரு குறையும் இல்ல. கலர் மட்டும் அப்படியேதான் இருக்கும். "விக்கிறியா தம்பி"ன்னு பக்கத்து மேஜைக்காரர் கேட்டாரு, இல்லண்ணேன்னுட்டு சட்டைப் பையில குத்திக்கிட்டு போனாரு.

வீட்டுல, பீரோவுல, தகர டப்பாவுல பழைய பேனா எது கெடச்சாலும் அழுக்கோட, தூசியோட, இங்க் கறையோட அப்படியே ஒரு பருத்தித் துணில சுத்தி எடுத்துட்டு வாங்க. ரப்பர் பேண்ட் போடாதீங்க, கருப்பா அச்சு புடிச்சுக்கும். என் கடை காந்தி வீதி பக்கம், ஞாயித்துக்கிழமை மட்டும் வராதீங்க, சந்தை கூட்டத்துல வண்டி நிறுத்தவும் முடியாது, என்னால உக்காந்து நிதானமா பாக்கவும் முடியாது. மத்த நாள் காலைல 11 மணிக்கு மேல எப்ப வேணா வரலாம். பாத்து சொல்றதுக்கு நான் காசு வாங்குறதில்ல.