பையன் என்ன கேம் ஆடுகிறான்? லினக்ஸ் ஏற்றும் முன் ஒரு கேள்வி

போன மாதம் ஓர் அப்பாவும் பிளஸ் ஒன் படிக்கும் மகனும் கடைக்கு வந்தார்கள். லேப்டாப்பைத் திறந்தால் 'காலி' (Kali) லினக்ஸ். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம், அதில் பல வகை உண்டு. யூடியூப் பார்த்துப் பையனே ஏற்றியிருக்கிறான். "ஸ்கூல் பிராஜெக்ட்டும் பண்ண முடியல, கேமும் ஓடலண்ணே" என்றான். காலி என்பது நெட்வொர்க் பாதுகாப்பைச் சோதிப்பவர்களின் கருவிப்பெட்டி. அன்றாட வேலைக்கும் கேமுக்கும் இது ஏற்றதல்ல என்று அதை உருவாக்குபவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். டிராகன் படத்தைப் பார்த்து மயங்கியவர்களில் இவன் முதல் ஆளில்லை.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து "எந்த லினக்ஸ் போடலாம்?" என்று கேட்டு வருபவர்கள் அதிகம். நான் திருப்பிக் கேட்பது, என்ன கேம் ஆடுகிறான் என்பதைத்தான். வாலரண்ட், ஃபோர்ட்நைட் என்றால் விண்டோஸிலேயே இருங்கள். ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் அவற்றை லினக்ஸில் ஓட விடாது. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024 கடைசியில் அதுவும் கதவைச் சாத்திவிட்டது. டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் வகையை, மாற்றி மாற்றிப் போட்டாலும் இது மாறாது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு இவை லினக்ஸிலேயே நேரடியாக ஓடும். தனியாக ஆடும் விண்டோஸ் கேம்கள் பலவற்றை ஸ்டீம் என்ற கேம் கடைச் செயலியில் உள்ள புரோட்டான் என்ற கருவி லினக்ஸில் ஓட்டிவிடும். சந்தேகம் என்றால் புரோட்டான்டிபி தளத்தில் கேமின் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

அடுத்தது கிராஃபிக்ஸ் சிப். ஏஎம்டி, இன்டெல் என்றால் கவலையில்லை, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் லினக்ஸ் கூடவே வரும். என்விடியாவில்தான் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். செக்யூர் பூட் (நம்பகமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் வசதி) இருக்கும் லேப்டாப்பில் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று சில நொடிகள் மட்டும் நிற்கும். அதில் 'என்ரோல் மோக்' (Enroll MOK) என்பதைத் தேர்ந்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். ஏதோ பிழை என்று பயந்து விட்டுவிட்டால் டிரைவர் ஏறாது, கேம் தந்தியடிக்கும், பழி லினக்ஸ் மேல் விழும்.

இன்னொன்று. விண்டோஸ் 11-ஐ வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடுவதானால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் பேப்பரில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் பூட்டிக்கொண்டு வரும் லேப்டாப்பில் இருக்கும் ஃபைல்களை என்னாலும் மீட்க முடியாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டிஸ்ட்ரோ. படிக்கிற பிள்ளைக்கு நான் போடுவது லினக்ஸ் மின்ட் 22. 2029 வரை அப்டேட் வரும், விண்டோஸ் பழகிய கைக்குத் தடுமாற்றம் இருக்காது. கேம்தான் முக்கியம் என்றால் பஸைட் (Bazzite) என்ற டிஸ்ட்ரோ நல்லது. எல்லாவற்றையும் நாமே அமைக்க வேண்டிய ஆர்ச் லினக்ஸைப் பழக ஆசைப்படுபவன் முழுப் பரீட்சை லீவில் பழகட்டும்.

அந்தப் பையன் ஆடுவது கவுன்டர்-ஸ்ட்ரைக்தான். மின்ட் போட்டு அனுப்பினேன். இரண்டே நாளில் போன்: தமிழ் டீச்சர் அனுப்பிய ஃபைல் முழுக்க ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதாம். காரணம் பாமினி ஃபான்ட்: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த பழைய ஃபான்ட், அது இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கிலமாகவே தெரியும். அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து அந்த ஃபான்ட் ஃபைலை வாங்கி, டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் பண்ணச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் திருக்குறள் தெரிந்தது.