டாரிஃப்: வரியா, கட்டணமா, தீர்வையா?

2025 ஆகஸ்ட் கடைசியில் திருப்பூரிலிருந்து பெரியம்மா போன் செய்தார். "ஏங்கண்ணு, அமெரிக்காக்காரன் அம்பது பர்சன்ட் வரி போட்டுட்டானாமே, அதை நம்ம கவர்ன்மெண்டு எங்கிருந்து கட்டும்?" 'இந்தியாவுக்கு 50 சதவீத வரி' என்று தலைப்புப் போட்டால் படிக்கிறவருக்கு அப்படித்தான் தோன்றும். பெரியம்மா மேல் தப்பே இல்லை. கோளாறு நாம் எடுத்து ஆளும் சொல்லில் இருக்கிறது.

டாரிஃப் என்பது வெளிநாட்டிலிருந்து உள்ளே வரும் சரக்கின் மேல் ஒரு நாடு விதிக்கும் தீர்வை. அதைக் கட்டுகிறவர் அந்தச் சரக்கை வரவழைக்கும் அந்த நாட்டு வியாபாரி. ஒரு பெட்டியைப் பிரித்தே பார்ப்போம். உள்ளே 100 டாலர் மதிப்புள்ள பருத்தி டி-ஷர்ட்டுகள். பின்னல் துணியில் தைத்த பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமான தீர்வையே 16.5 சதவீதம். அதன்மேல் அந்த ஆகஸ்ட் 7-ஆம் தேதி 25 சதவீதம் ஏறியது. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்பதைக் காரணம் காட்டி 27-ஆம் தேதி இன்னொரு 25. ஆக மொத்தம் அப்போது 66 டாலர் 50 சென்ட். இதை அமெரிக்க இறக்குமதியாளர் அமெரிக்கச் சுங்கத்துறையிடம் கட்ட வேண்டியிருந்தது. டெல்லியிலிருந்து ஒரு பைசா போகாது.

அப்படியானால் திருப்பூர் ஏன் பதறியது? பையர் அடுத்த நாளே டிஸ்கவுண்ட் கேட்பார், கொடுக்காவிட்டால் ஆர்டரை வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ திருப்பிவிடுவார். ஏற்றுமதியாளர் லாபத்தை விட்டுக்கொடுப்பார், மெஷினில் உட்கார்ந்து தைப்பவருக்கு ஓவர்டைம் நின்றுபோகும். பணம் கட்டுபவர் ஒருவர், பாரம் சுமப்பவர்கள் பலர். இந்தச் சொல்லைப் பற்றி அமெரிக்கப் பழமைவாதிகள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்ளும் சண்டையும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம். அரபியில் 'தஃரீஃப்' என்றால் தெரியப்படுத்துதல், அறிவித்தல். மத்தியதரைக் கடல் வணிகத்தின் வழியாக அது இத்தாலிய மொழியில் 'தாரிஃபா' ஆயிற்று. எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று எல்லோரும் அறிய எழுதிவைத்த பட்டியல் என்று பொருள். பிரெஞ்சைத் தொட்டு 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. இந்தியில் புகழ்ச்சியைக் குறிக்கும் 'தாரீஃப்' இதற்கு உடன்பிறப்பு. ஒருவரைப் பற்றி நாலு பேருக்குத் தெரியப்படுத்துவதுதானே புகழ்ச்சி! ஸ்பெயினின் தென்கோடியில் உள்ள தாரிஃபா துறைமுகத்தில் கடற்கொள்ளையர் வசூல் செய்ததால் வந்த பெயர் என்றும் ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருந்தாலும் உண்மை இல்லை. அந்த ஊர் தாரிஃப் இப்னு மாலிக் என்ற படைத்தலைவரின் பெயரைக் கொண்டது.

பட்டியல் என்ற பழைய பொருள் இன்னும் சாகவில்லை. ஓட்டல் அறை டாரிஃப், மின்வாரிய டாரிஃப், செல்போன் டாரிஃப் எல்லாம் அதன் மிச்சம். அங்கெல்லாம் 'கட்டணம்' சரியான சொல். அதையே தூக்கி வந்து 'டிரம்ப்பின் கட்டணங்கள்' என்று எழுதுவது தவறு. கட்டணம் ஒரு சேவைக்குக் கொடுப்பது. துறைமுகத்தில் வாங்குவது அரசின் தீர்வை.

அமெரிக்காவுக்கு வருவோம். 1789 ஜூலை 4 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்டது ஒரு டாரிஃப் சட்டத்தில். இளந்தொழில்கள் வேரூன்ற அரசு கைகொடுக்க வேண்டும் என்று 1791-இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் அறிக்கை எழுதினார். 1913-இல் வருமான வரிக்கு வழிவிட்ட அரசமைப்புத் திருத்தம் வரும்வரை, கூட்டரசின் கஜானா பெரும்பாலும் சுங்கத்தை நம்பித்தான் இருந்தது. ஏற்றுமதிக்கு வரி போட அந்நாட்டு அரசமைப்பே தடை விதித்திருப்பதால், அங்கே டாரிஃப் என்றாலே இறக்குமதிக்குத்தான்.

இன்றைய பழமைவாதிகளின் வீடான குடியரசுக் கட்சி, ஆரம்ப காலத்திலிருந்தே உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் காப்புவரிக் கட்சி. ஒகையோவின் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் மெக்கின்லி கொண்டுவந்த 1890 சட்டம் சராசரித் தீர்வையை ஏறக்குறைய 50 சதவீதத்துக்கு உயர்த்தியது. விலையேற்றத்தில் கடுப்பான வாக்காளர்கள் அதே ஆண்டு அவரைத் தோற்கடித்தார்கள். அப்புறம் 1896 தேர்தலில் அவரே அதிபரானார். 1930-இல் ஸ்மூட், ஹாலி என்ற இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்களின் சட்டம் வந்தது. வேண்டாம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் மனு கொடுத்தும் அதிபர் ஹூவர் கையெழுத்துப் போட்டார். மற்ற நாடுகளும் பதிலடி கொடுக்க, ஏற்கெனவே பெருமந்தத்தில் தள்ளாடிய உலக வணிகம் மேலும் சுருங்கியது.

அந்தச் சூடு பட்ட பிறகுதான் கட்சி மெல்லத் திசை மாறியது. டாரிஃப் என்பது சொந்த மக்கள் மேல் போடும் வரி, அரசு சந்தையில் கைவைக்கும் வேலை என்று பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் வாதாடினார். அதிபர் ரொனால்ட் ரீகன் அதை மேடையேற்றினார். அவரிடமும் ஒரு முரண் உண்டு. 1987 ஏப்ரலில் சில ஜப்பானிய மின்னணுப் பொருள்களுக்கு 100 சதவீதத் தீர்வை போட்ட அவரே, அதே மாதம் வானொலியில், இது முதலில் தேசபக்தி போலத் தெரியும், நாளாவட்டத்தில் நாட்டையே கெடுக்கும் என்று பேசினார்.

1992-இல், அதிபர் வேட்பாளராக முயன்ற பேட் புக்கானன் கட்சிக்குள்ளேயே எதிர்க்குரல் எழுப்பினார். மூடிக்கிடக்கும் எஃகு ஆலை, வேலை தேடி வெளியேறும் பிள்ளைகள், காலியாகும் தேவாலயம், இதையெல்லாம் காப்பாற்றாமல் மலிவுச் சட்டையைக் காப்பாற்றுவது என்ன பழமைவாதம் என்பது இந்த அணியின் கேள்வி. டொனால்ட் டிரம்ப் அதைக் கட்சியின் கொள்கையாகவே ஆக்கினார். 2024 அக்டோபரில் சிகாகோவில், அகராதியிலேயே அழகான சொல் டாரிஃப்தான் என்றார். 2025 பதவியேற்பு உரையில் மெக்கின்லியைப் புகழ்ந்தார். இரு அணிகளும் பழையதைத்தான் போற்றுகின்றன. ஒன்றுக்கு ரீகன் காலம், இன்னொன்றுக்கு மெக்கின்லி காலம். ஆலை மூடிய ஊரின் வலியை நான் மதிக்கிறேன். ஆனால் யார் கட்டுகிறார் என்ற கேள்விக்கு ஃபிரீட்மன் பக்கத்துப் பதில்தான் துறைமுகக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

சரி, தமிழில் எதைச் சொல்வது? நம்மிடம் இதற்குப் பழைய சொல் 'உல்கு'. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்த சரக்குக்கும் போன சரக்குக்கும் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. வேந்தனின் வருவாயில் 'உல்கு பொருள்' ஒன்று என்கிறது 756-ஆம் குறள். இன்று அது வழக்கில் இல்லை. 'சுங்கம்', பாலி மொழியில் உள்ள 'சுங்க' என்ற சொல்லுக்கு உறவு. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' ஆனது இந்தச் சொல்லால்தான். இப்போதோ சுங்கம் என்றால் நெடுஞ்சாலைச் சாவடியும் ஃபாஸ்டேக்கும் நினைவுக்கு வருகின்றன. 'வரி' பொதுச்சொல், யார் மேல் என்பதைச் சொல்லாது.

'தீர்வை' நிலத்தீர்வை, ஆயத்தீர்வை என்று நம் நாவில் ஏற்கெனவே புழங்குவது. இலங்கைத் தமிழர் சுங்கத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் தீர்வை என்றே சொல்கிறார்கள். எனவே டாரிஃப்புக்கு 'இறக்குமதித் தீர்வை' என்பேன். உள்நாட்டுத் தொழிலைக் காக்கப் போடுவதாக இருந்தால் பாடநூல்கள் சொல்லும் 'காப்புவரி' பொருந்தும். 'இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 50% இறக்குமதித் தீர்வை.' தலைப்பு ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. பெரியம்மாவிடம் இப்படிப் படித்துக் காட்டினேன். "அப்ப கட்டறது அவங்க ஊர் ஏவாரியா?" என்றார் உடனே.