எத்திக்ஸ் பவுல்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்ல?

அத்தை மக ஒருத்தி அமெரிக்காவுல யூனிவர்சிட்டியில படிக்கா. வாரத்துல ஒருநாள் அங்க ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்கு எத்திக்ஸ் பவுல் கோச்சா போறேன்னு ஃபேமிலி குரூப்ல போட்டதும், மார்த்தாண்டத்து பெரியம்மை "பவுல் எழுதுன நிருபமா மக்களே, நல்ல காரியம்"னு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டாவ. தப்பு சொல்ல முடியாது, நம்ம ஜில்லாவுல பவுல்னா அப்போஸ்தலர்தான்.

எத்திக்ஸ் பவுல்னா, எது சரி எது தப்புன்னு பிள்ளைங்க டீமா யோசிச்சுப் பேசுற போட்டி. இந்த பவுல் இங்கிலீஷ்ல கிண்ணம். 1914ல யேல் யூனிவர்சிட்டி கிண்ணம் மாதிரி குழிவா ஒரு ஸ்டேடியம் கட்டி யேல் பவுல்னு பேர் வச்சாங்க, 1922ல கலிஃபோர்னியாவுல ரோஸ் பவுல் ஸ்டேடியம் வந்துது, அப்புறம் ஃபுட்பால் மேட்சுக்கே பவுல்னு பேர் ஒட்டிக்கிச்சு, அதைப் பாத்து ரேடியோவுல காலேஜ் பவுல்னு க்விஸ், அந்த வரிசையில 1993ல சிகாகோ இல்லினாய் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில ராபர்ட் லாடென்சன்ங்கிற பிலாசபி புரொபசர் தொடங்குனதுதான் எத்திக்ஸ் பவுல். ஹைஸ்கூலுக்கான நேஷனல் போட்டி 2013ல நார்த் கரோலினா யூனிவர்சிட்டியில ஆரம்பிச்சது. எத்திக்ஸ், ஈத்தோஸ்ங்கிற கிரேக்கச் சொல்லுல இருந்து வந்தது, குணம், பழக்கம்னு அர்த்தம். தமிழ்ல அறம். அதுல குழப்பமே இல்ல.

குழப்பம் பவுல்ங்கிற மிச்சப் பாதியிலதான், அதை டிபேட்னும் சொல்ல முடியாது. டிபேட்ங்கிறதே பழைய பிரெஞ்சுல அடிச்சு வீழ்த்துறதுன்னு பொருள்ல வந்தது, நீ ஆதரவு நீ எதிர்ப்புன்னு பிரிச்சு விட்டுருவாங்க. இங்க அப்படி இல்ல. கேஸ், அதாவது பேச வேண்டிய சிக்கலான சம்பவம், முன்னாடியே கையில கிடைச்சுரும், கேள்வி மட்டும் அன்னைக்குத்தான் தெரியும். ஒரு டீம் தன் நிலைப்பாட்டை சொல்லும், மத்த டீம் அதுல விட்டுப்போனதை எடுத்துக் காட்டும், முதல் டீம் பதில் சொல்லும், ஜட்ஜுங்க கேள்வி கேப்பாங்க. ரெண்டு டீமும் ஒரே முடிவுக்கு வந்தாலும் ஒண்ணுமில்ல. மரியாதையா பேசுறதுக்கு தனி மார்க் வேற.

நம்ம ஊர் கேஸ் ஒண்ணு வச்சுப் பாப்போம். தேரூர் பக்கம் ஒருத்தருக்கு வயல் இருக்கு, மக நர்சிங் படிக்க காசு வேணும், வயலை நிரத்தி பிளாட் போட்டா கிடைக்கும், ஆனா மண்ணடிச்சா கீழ்வயலுக்கு தண்ணி போற ஓடை அடைஞ்சுரும். அவர் சொத்து, விக்கலாம்னு ஒரு டீம் சொல்லுது. பட்டிமன்றம்னா அடுத்தவங்க சோறு போச்சே நெல்லு போச்சேன்னு கைதட்டு வாங்கிருவாங்க. இங்க அடுத்த டீம், "சொத்து அவருதுன்னு ஒத்துக்கிடுதோம், தண்ணி யாருது?"ன்னு கேக்கும். கோச் இதுக்கு பதில் எழுதிக் குடுக்கப்படாது, "கீழ்வயல்காரரு முன்னால இருந்தாலும் இதையே சொல்லுவியா"ன்னு குடைஞ்சுட்டே இருக்கணும். வாத்தியார் கேட்டா பிள்ளைங்க சரியான விடை எதுன்னு முழிக்கும், இருவது வயசு அக்கா கேட்டா மனசுல உள்ளதை சொல்லிரும், காலேஜ் பிள்ளைங்க கோச்சா போறது அதனாலதான் எடுபடுதுன்னு நான் நினைக்கேன்.

கோச், ஹங்கேரியில கோச்ங்கிற ஊர்ல செஞ்ச வண்டியோட பேரு. நாகர்கோவில் ஜங்ஷன்ல நாம தேடி ஓடுற எஸ்4 கோச்சும் அதேதான். 1830கள்ல ஆக்ஸ்ஃபோர்டு பசங்க, பரீட்சையில கரைசேத்து விடுற டியூட்டரை கிண்டலா கோச்னாங்க. தமிழ்ல பயிற்றுநர். இங்க அடிமுறை, வர்மம் சொல்லிக் குடுக்கிறவரை ஆசான்னுதான் சொல்லுவோம், எனக்கு அது பிடிச்ச சொல்லு, ஆனா செகண்ட் இயர் படிக்கிறவளை ஆசான்னா அவளே சிரிச்சுருவா.

பட்டிமன்றம்னே சொன்னா என்னன்னு கேப்பீங்க. மணிமேகலையில புகார் நகரத்துல விழா அறிவிக்கிறவன் 'பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்'னு சொல்லிட்டு, பகையாளியா இருந்தாலும் 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்'னு சேத்து சொல்றான். செற்றம் பகை, கலாம் சண்டை. நன்னூல் சொல்ற ஏழு மதத்துலயும், மதம்னா இங்க கொள்கை, முதல்ல உடன்படல், அப்புறந்தான் மறுத்தல். ஆக பழைய பட்டிமண்டபம் இதுக்கு ரொம்பவே பொருந்தும், ஆனா இன்னைக்கு அந்த சொல்லை பண்டிகை நாள் டிவி கொண்டு போயிட்டு. அறமன்றம்னா கோர்ட்டு மாதிரி இருக்கு, கலந்தாய்வுன்னா இன்ஜினியரிங் சீட்டு ஞாபகம் வருது.

என் ஓட்டு 'அற உரையாடல் போட்டி'க்கு. ஸ்கூல் நோட்டீஸ்ல அதைப் போட்டு கீழ ஒருதடவை எத்திக்ஸ் பவுல்னு எழுதுனா போதும். அறப் பட்டிமன்றம்னு மட்டும் போட்டுராதீங்க, வாறவங்க நடுவர் எப்ப ஜோக்கு சொல்லுவாருன்னு பாத்துட்டு இருப்பாங்க.