வீட்டுத்தோட்டத்துக்கு அரசாங்க விதை: யாரிடம், எப்போது கேட்பது?

ஆடி முடியும்போது வன்னியில் ஒரு பேச்சு அடிபடும். "வீட்டுத்தோட்டத்துக்கு விதை குடுக்கினமாம், எங்களுக்கும் கிடைக்குமோ?" கிடைக்கலாம். ஆனால் திட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அலைந்தால் சுற்றத்தான் வேண்டியிருக்கும், ஏனென்றால் பெயர் நிலைப்பதில்லை. 2011 இல் அது திவிநெகும. தமிழில் 'வாழ்வின் எழுச்சி' என்றார்கள், இலக்கு 10 இலட்சம் வீட்டுத்தோட்டம். 2022 நெருக்கடியில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வளவில் பயிர் வையுங்கள் என்றார்கள். (அந்த வெள்ளிகளில் பாதிப்பேர் நின்றது பெற்றோல் வரிசையில்.)

பெயர் மாறினாலும் போகவேண்டிய கதவுகள் மாறுவதில்லை. ஒன்று உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையம். மற்றது விவசாயப் போதனாசிரியர். இரண்டும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. கமநல நிலையம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருவது. வயல் பதிவு, கமக்காரர் அமைப்பு, பசளை மானியம் எல்லாம் அங்கேதான். எங்கள் பக்கத்துப் போதனாசிரியர் மாகாண விவசாயத் திணைக்களத்து ஆள். விதை எது, பூச்சி எது, எப்போது நடுவது என்று அவரைத்தான் கேட்கவேண்டும். ஆலோசனைக்குக் காசு இல்லை. வயல் இருக்கவேண்டும் என்றும் இல்லை, 10 பேர்ச் வளவுக்காரரும் கேட்கலாம். நேரே போக வசதியில்லை என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இலவச விதையும் மரக்கன்றும் வேறு கதை. அவை எல்லோருக்கும் எப்போதும் உள்ள உரிமை அல்ல. ஒதுக்கீடு வரும், பட்டியல் போடுவார்கள், முடிந்தால் முடிந்ததுதான். வருமானம் குறைந்த குடும்பங்களையும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களையும் முதலில் எடுப்பது வழமை. பட்டியல் பல தடவை கிராம அலுவலர் ஊடாகவோ சமுர்த்தி உத்தியோகத்தர் ஊடாகவோ போகும். ஆகவே விதை வந்த செய்தி கேட்டு ஓடாமல், ஆடியிலேயே அடையாள அட்டையோடு போய்ப் பெயரைக் கொடுத்து வையுங்கள். கிணறு இருக்கிறதா, எவ்வளவு நிலம் என்று எங்களிடம் கேட்டார்கள். அதற்கும் பதில் தயாராக இருக்கட்டும்.

எனக்கு ஒருமுறை விதைப் பைக்கற் கையில் கிடைத்தது கார்த்திகையில். மிளகாயும் கத்தரியும். ஆசையில் அன்றே நாற்றுமேடை போட்டு விதைத்தேன். மூன்றாம் நாள் அடித்த மழையில் மேடை கரைந்தது, பிறகு முளைத்தவையும் தண்டடியில் கறுத்து விழுந்தன. மாரி ஐப்பசியில் பிடிக்கிற ஊரில் கத்தரி, மிளகாய் விதை ஆவணி கடைசியில் மேடைக்குப் போய்விடவேண்டும். சுமார் ஒரு மாதத்தில் நாற்றைப் பிடுங்கி நடலாம். அதனால் இலவசத்தை நம்பிக் காத்திருக்காமல் ஒரு பைக்கற்றாவது காசுக்கு வாங்குங்கள். கத்தரியில் 'தின்னவேலி ஊதா', பாகலில் 'தின்னவேலி வெள்ளை' இரண்டும் திணைக்களம் சிபாரிசு செய்யும் இனங்கள். கலப்பினம் அல்ல, நல்ல காயை முற்றவிட்டு அடுத்த வருசத்துக்கு விதை எடுக்கலாம். பைக்கற்றில் திகதியைப் பாருங்கள். பழைய விதை முளைக்காமல் போனால் பழி உங்கள் மண்ணுக்குத்தான் வரும்.

முதல் வருசம் இரண்டு பாத்தி போதும். மாரிக்கு ஒரு சாண் உயர்த்திப் போடுங்கள். கோடையில் அதே பாத்தியைப் பள்ளமாக்கினால் ஊற்றும் தண்ணீர் ஓடாமல் நிற்கும். வெண்டியும் பயிற்றையும் நேரே ஊன்றலாம், நாற்று வேலை இல்லை. எரு மக்கியதாக இருக்கவேண்டும். பச்சைச் சாணத்தைப் போட்டால் வேர் அவிந்துவிடும்.

வெயில் விழவில்லை என்று மரத்தில் கை வைக்க முதல் ஒரு சட்டம் தெரிந்திருக்கவேண்டும். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் தறிக்க, உங்கள் சொந்தக் காணியிலேயே என்றாலும், பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்கவேண்டும். மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் 1951 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பாத்தியை வெயில் விழுகிற பக்கம் தள்ளிப் போடுவது இலேசு.

பிறகு மாடு. கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துக் கட்டித் தண்டம் அறவிடும் அதிகாரம் பிரதேச சபைக்கு உண்டு, முறைப்பாட்டை அங்கே கொடுக்கலாம். அதற்கிடையில் தின்றது தின்றதுதான். நான் இப்போது பனை மட்டை வரிந்து, அடியில் பழைய மீன் வலையைச் சுற்றி, படலைக்கு இரண்டு கயிறு போட்டுவிட்டுத்தான் மண்ணைக் கொத்தத் தொடங்குகிறேன்.